கேஸா, ஹார்ட்டா, பயமா? படபடப்பு பத்தி வாசகர்கள் கேட்ட கேள்விகள்

போன இதழ்ல தூக்கம் பத்தி எழுதினப்போ கடைசியா ஒரு வரி கேட்டிருந்தேன், ராத்திரி நெஞ்சு படபடன்னு அடிச்சு முழிப்பு வர்றவங்க எனக்கு எழுதுங்கன்னு. வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ராத்திரி பத்தியே இல்ல. பஸ்ல வர்ற பயம், பரீட்சை ஹால்ல வர்ற பயம், அடுப்படியில நின்னுட்டு இருக்கும்போதே காரணம் தெரியாம வர்ற பயம். எல்லாரும் கடைசியில "தயவுசெஞ்சு பேர் போட்டுறாதீங்க"ன்னு எழுதியிருக்கீங்க. போடல. ஊரு மட்டும் போட்டிருக்கேன். சிலதுக்கு நீளமா பதில் சொல்லியிருக்கேன், சிலதுக்கு ரெண்டு வரிதான், கோச்சுக்காதீங்க.

மேடம், எனக்கு 34 வயசு, பனியன் கம்பெனில செக்கிங் சூப்பர்வைசருங்க. எட்டு மாசம் முன்னாடி கோயமுத்தூர் போற பஸ்ல கருமத்தம்பட்டி தாண்டினதும் திடீர்னு நெஞ்சு அடைச்சு, மூச்சு வாங்கி, விரலெல்லாம் மரத்துப்போயி, வேர்த்து ஊத்தி, இன்னிக்கு செத்தோம்னே நெனச்சேனுங்க. கண்டக்டர் வண்டிய நிறுத்தி எறக்கி விட்டாரு, எறங்கின கொஞ்ச நேரத்துல சரியாயிருச்சு. ஆஸ்பத்திரில ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் பாத்தாச்சு, எல்லாமே நார்மல், கேஸ்னு மாத்திரை குடுத்தாங்க. ஆனா அதுக்கப்புறம் அஞ்சாறு தடவ வந்துருச்சு. இப்ப பஸ்ஸே ஏறறதில்லீங்க, பைக்ல போனாலும் பின்னாடி ஒருத்தர் உக்காரோணும், பாக்கெட்ல கேஸ் மாத்திரை, பையில தண்ணி பாட்டில், போற வழியில எந்தெந்த ஆஸ்பத்திரி இருக்குதுன்னு மனப்பாடமா தெரியும். எனக்கு என்னதானுங்க ஆச்சு?
(திருப்பூர்)

தம்பி, உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக். அன்னிக்கு நேரா ஆஸ்பத்திரிக்குப் போனீங்க பாருங்க, அது ரொம்ப சரி. முதல் தடவ நெஞ்சு அடைச்சா அது கேஸா பயமான்னு வீட்ல உக்காந்து யாரும் முடிவு பண்ணக்கூடாது, ஈசிஜி எடுத்தே ஆகணும். நம்ம ஊர்ல இந்த கேஸ்ங்கற வார்த்தை ரெண்டு பக்கமும் ஆளை ஏமாத்துது. நிஜமாவே ஹார்ட் அட்டாக் வந்தவங்க சோடா குடிச்சு ஏப்பம் விட்டுட்டு உக்காந்திருந்து நேரத்தை விட்டுடறாங்க, பயம் வந்தவங்க வருஷக்கணக்கா கேஸ் மாத்திரை முழுங்கிட்டு இருக்காங்க. உங்களுக்கு எல்லா டெஸ்ட்டும் பாத்தாச்சு, இதயம் நல்லா இருக்கு. அதனால இனிமே இதைப் பயம்னே பேர் சொல்லி கூப்பிடலாம்.

உடம்புக்குள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், தெரிஞ்சாலே பாதி பாரம் குறையும். மூளைக்குள்ள அமிக்டலான்னு பாதாம் பருப்பு மாதிரி ஒரு சின்ன பகுதி இருக்கு, ஆபத்துன்னு தோணின உடனே மணி அடிக்கறதுதான் அதோட வேலை, யோசிக்கறது அதோட வேலை இல்ல. அது மணி அடிச்சதும் சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கற அட்ரீனல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்துல கொட்டும். ஓடறதுக்கோ சண்டை போடறதுக்கோ உடம்பு ரெடி ஆகுது, அதனால இதயம் வேகமா அடிக்குது, கால் கை தசைக்கு ரத்தம் போகுது, வயித்து வேலை நின்னுடுது (வயித்துல புளியைக் கரைக்குதுன்னு சொல்றோமே, அது இதுதான்), வேர்க்குது. மூச்சு வேகமா வாங்கறதுல ரத்தத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு போகுது, அதனாலதான் விரல் மரத்துப் போறது, உதட்டைச் சுத்தி குறுகுறுன்னு இருக்கறது, தலை கிறுகிறுங்கறது எல்லாம். காத்து பத்தலன்னு உங்களுக்குத் தோணும், உண்மையில தேவைக்கு மேல மூச்சு விட்டுட்டு இருப்பீங்க.

நம்ம பழைய இலக்கணக்காரங்க அச்சத்தை மெய்ப்பாடுன்னு சொன்னாங்க, மெய்யில, அதாவது உடம்புல தெரியறதுன்னு. அச்சம் எதுனால வரும்னு நாலு சொன்னாங்க, அணங்கு, விலங்கு, கள்வர், அரசன். அந்தக் காலத்துல சாமிக்கும் புலிக்கும் திருடனுக்கும் ராஜாவுக்கும் அடிச்ச அதே மணிதான் இன்னிக்கு ஷிப்மென்ட் தேதிக்கும் லோன் கட்டற தேதிக்கும் அடிக்குது. புலின்னா ஓடிடலாம், ஓடினா அட்ரினலின் செலவாயிடும். பஸ் சீட்ல உக்காந்துட்டு அதை எங்க செலவு பண்றது?

சரி, அன்னிக்கு பஸ்ல ஒண்ணுமே நடக்கலையே, ஏன் மணி அடிச்சுதுன்னு கேப்பீங்க. ஒரே காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது. குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்திருந்தா உங்களுக்கு வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். சின்ன வயசுல வீட்ல எப்பவும் சண்டை, அடி, நிலையில்லாத வாழ்க்கைன்னு இருந்தா அந்த மணி கொஞ்சம் லேசா தொட்டாலே அடிக்கற மாதிரி ஆயிடும். அதோட அந்த மாச பாரம், தூக்கமில்லாம நைட் ஓவர்டைம், வெறும் வயித்துல ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ, சிகரெட், முந்தின நாள் சரக்கு, இதுல எது எது உங்களுக்கு இருந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. டீ காபில இருக்கற காஃபின் பாதியா குறையறதுக்கே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும், அதனால சாயங்காலம் குடிச்சது ராத்திரி வரைக்கும் உடம்புல இருக்கும். தைராய்டு அதிகமா சுரந்தாலும், ரத்த சோகை இருந்தாலும், சுகர் இறங்கினாலும் இதே மாதிரி படபடப்பு வரும், தைராய்டு டெஸ்ட்டும் ஹீமோகுளோபினும் இன்னும் பாக்கலன்னா பாத்துடுங்க.

ஆனா தம்பி, முதல் தடவ வந்ததுக்குக் காரணம் வேற, எட்டு மாசமா போகாம இருக்கறதுக்குக் காரணம் வேற. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப சொல்லுவேன். நீங்க பஸ்ல இருந்து இறங்கினீங்க, உடனே சரியாச்சு. உங்க மூளை என்ன பாடம் படிச்சுது? "பஸ்ல இருந்தா சாவு, இறங்கினதால பொழைச்சோம்"னு. உண்மையில பஸ்ல இருந்து இறங்காம இருந்திருந்தாலும் பயம் தானா இறங்கியிருக்கும். பேனிக் அட்டாக் பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள்ள உச்சிக்குப் போயிடும், அதுக்கப்புறம் இறங்கித்தான் ஆகணும், உடம்பால அவ்வளவு அட்ரினலினை மணிக்கணக்கா கொட்டிட்டே இருக்க முடியாது. அதைப் பாக்கறதுக்கு முன்னாடியே நீங்க இறங்கிட்டீங்க. அன்னிலேர்ந்து ஒவ்வொரு தடவ பஸ்ஸைத் தவிர்க்கும்போதும், பைக்ல துணைக்கு ஆள் ஏத்தும்போதும், மாத்திரை இருக்கான்னு பாக்கெட்டைத் தொட்டுப் பாக்கும்போதும், "ஆமா ஆபத்துதான்"னு அந்த மணிக்கு நீங்களே சாட்சி சொல்றீங்க. இப்ப உங்களுக்கு பஸ் பயம் இல்ல, பயத்தைப் பாத்துதான் பயம். நெஞ்சு கொஞ்சம் வேகமா அடிச்சாலே "வந்துருச்சு"ன்னு நெனைக்கறீங்க, நெனச்ச உடனே இன்னும் வேகமா அடிக்குது, இது செக்குமாடு மாதிரி சுத்திட்டே இருக்கு.

இதுல இருந்து வெளிய வர்ற வழி அந்த பஸ் வழியாத்தான் போகுது. ஒரே நாள்ல இல்ல, படிப்படியா. முதல்ல பஸ் ஸ்டாண்டுக்குப் போயி கிளம்பாம நிக்கற பஸ்ல 10 நிமிஷம் உக்காந்துட்டு வாங்க, வீட்டுக்காரம்மா கூட வரட்டும். படபடப்பு வரும், வரணும், வந்தாத்தான் பாடம். அது பாதியா குறையற வரைக்கும் இறங்காதீங்க, அதுதான் முக்கியம். மூணு நாலு நாள் அதையே பண்ணுங்க, போரடிக்கற அளவுக்கு. அப்புறம் ரெண்டு ஸ்டாப், அப்புறம் தனியா ரெண்டு ஸ்டாப், அப்புறம் அவிநாசி வரைக்கும், அப்புறம் கோயமுத்தூர், முதல்ல ஜன்னல் சீட், அப்புறம் நடு சீட். கடைசி படி தண்ணி பாட்டிலும் மாத்திரையும் இல்லாம போறது, நிறைய பேர் அதுக்கு முன்னாடியே நின்னுடறாங்க, ஊன்றுகோல் கையிலயே இருந்தா கால் நல்லாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?

வரும்போது என்ன செய்யறதுன்னா, சண்டை போடாதீங்க. "இது அட்ரினலின், 10 நிமிஷம், இருந்துட்டுப் போகட்டும்"னு தோளைத் தளர விட்டு உக்காருங்க. மூச்சை இழுத்து இழுத்து விடாதீங்க, 4 எண்ணி மூக்கால இழுத்து 6 எண்ணி மெதுவா விடுங்க, வெளிய விடறது நீளமா இருந்தா இதயம் தானா மெதுவாகும். தனியா செய்ய முடியலன்னா மனநல மருத்துவரோ சைக்காலஜிஸ்ட்டோ கூட இருந்து செய்ய வைப்பாங்க, சிபிடின்னு இந்த சிகிச்சைக்குப் பேரு (நெனப்பையும் பழக்கத்தையும் படிப்படியா மாத்தறது), வாரம் ஒரு தடவன்னு 10, 15 வாரத்துல நல்ல மாத்தம் தெரியும். மாத்திரை தேவைன்னு டாக்டர் சொன்னா பயப்பட வேண்டாம், அது வேலை செய்ய ஆரம்பிக்க 2 வாரத்துல இருந்து 6 வாரம் ஆகும், முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் கூடற மாதிரி கூட இருக்கும், அதைப் பாத்துட்டு நிறுத்திடாதீங்க. அவிநாசி போயிட்டு வந்ததும் எனக்கு ஒரு லெட்டர் போடுங்க.

பேனிக் வந்தா பேப்பர் கவர்ல மூச்சு விடச் சொல்றாங்களே, சரியா?
(ஈரோடு)

வேண்டாம். பழைய வழக்கம் அது. வந்தது ஆஸ்துமாவாவோ இதயப் பிரச்சனையாவோ இருந்தா ஆக்சிஜன் குறைஞ்சு ஆபத்தாயிடும். மேல சொன்ன 4க்கு 6 மூச்சு போதும்.

அக்கா, என் பொண்ணு நீட் ரெண்டாவது தடவ எழுதப் போறா, ஹாஸ்டல்ல தங்கி கோச்சிங் போறா. டெஸ்ட் அன்னிக்குக் காலைல வாந்தி எடுக்கறா, வயித்தால போகுது. படிச்சது எல்லாம் ஹால்ல மறந்து போகுதும்மாங்கறா. நாங்க ரெண்டு பேரும் அவளை ஒண்ணுமே சொல்றதில்ல, உனக்காக எவ்வளவு செலவு பண்றோம் நல்லா படி சாமின்னு மட்டும்தான் சொல்லுவோம்.
(நாமக்கல்)

அம்மா, உங்க லெட்டரோட கடைசி வரியை ரெண்டு மூணு தடவ படிச்சேன். நீங்க அன்பாத்தான் சொல்றீங்க, எனக்குத் தெரியும். ஆனா அவ காதுல அது எப்படி விழும்? தோத்தா அம்மா அப்பா பணமும் போச்சுன்னு விழும். அவ எழுதப் போறது 180 கேள்வி, ஆனா தலையில தூக்கிட்டுப் போறது வீட்டுக் கடன். கொஞ்சம் பயம் இருந்தா கவனம் கூடும், அது நல்லதுதான், ஒரு அளவுக்கு மேல போனா மூளையில தற்காலிகமா விஷயத்தை வெச்சுக்கற இடத்தைக் கவலையே அடைச்சுக்கும், படிச்சது அழிஞ்சு போகல, எடுக்கற வழிதான் அடைஞ்சிருக்கு. ஹால் விட்டு வெளிய வந்ததும் எல்லாம் ஞாபகம் வருதுன்னு சொல்லுவாளே, அதான் சாட்சி.

செய்ய வேண்டியது என்னன்னா, அடுத்த தடவ போன் பண்ணும்போது மார்க் கேக்காதீங்க, சாப்டியா தூங்கினியான்னு கேளுங்க, செலவுங்கற வார்த்தையே வேண்டாம். நீட் கிடைக்கலன்னா என்னன்னு ரெண்டு வழி, நர்சிங்கோ அக்ரியோ பார்மசியோ அவளுக்குப் பிடிச்சது எதுவோ, அதைப் பத்தி நீங்களே நிதானமா பேசுங்க, கதவு ஒண்ணுதான்னு நெனச்சாத்தான் அது மூடினா மூச்சு முட்டும். பரீட்சை மத்தியானம் 2 மணிக்கு, அதனால மாதிரித் தேர்வை ஞாயித்துக்கிழமை அதே 2 மணிக்கு அதே மாதிரி பென்ச்ல உக்காந்து எழுதட்டும், உடம்புக்கு அந்த நேரமும் அந்த இடமும் பழகணும். பேப்பர் கையில வந்ததும் முதல்ல தெரிஞ்ச 10 கேள்வியைப் போட்டுட்டு அப்புறம் வரிசைக்கு வரட்டும், கை ஓட ஆரம்பிச்சா பயம் பின்னாடி போயிடும். தூக்கத்தைக் குறைச்சுப் படிக்கறது வேண்டாம், படிச்சது மனசுல பதியறதே தூக்கத்துலதான்.

ஒண்ணே ஒண்ணு கவனமா இருங்க. "நான் இல்லாம போயிட்டா நல்லது", "உங்களுக்கு பாரமா இருக்கேன்"னு ஒரு வார்த்தை வந்தாலும் அதை மிரட்டறான்னு நெனைக்காம அன்னிக்கே பஸ் ஏறி ஹாஸ்டலுக்குப் போங்க, கூட்டிட்டு வந்து பக்கத்துல வெச்சுக்கோங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. பரீட்சை அடுத்த வருஷமும் வரும்.

எனக்கு 46 வயசு. வீட்டுக்காரரு லாரி ஓட்டுறாரு, வெங்காய லோடுக்கு நாசிக் வரைக்கும் போவாரு. போன் எடுக்கலைன்னா ஆக்ஸிடென்ட்டுதான்னு மனசு முடிவே பண்ணிரும், எடுக்குற வரைக்கும் இருபது தடவை அடிப்பேன். அவரு வீட்ல இருந்தாலும் நிம்மதி இல்ல, மகன் வேலை, மக கல்யாணம், மாமியா சுகர்னு யோசனை ஓடிக்கிட்டே இருக்கு. கழுத்து வலி, தூக்கம் கிடையாது. சும்மா யோசிக்காதங்கிறாக எல்லாரும். எப்படி யோசிக்காம இருக்கறது?
(மதுரை)

யோசிக்காதன்னு சொல்றவங்களுக்கு அது எப்படின்னு தெரிஞ்சா சொல்லிக் குடுத்திருப்பாங்கம்மா. நெனைக்காதன்னு சொன்னா அதேதான் நெனப்பு வரும். அதனால யோசனையை நிறுத்த வேண்டாம், அதுக்கு ஒரு நேரம் குடுப்போம். தினம் சாயங்காலம் 5 மணின்னு வெச்சுக்கோங்க, 20 நிமிஷம், ஒரு நோட்டு. நாள் பூரா எந்தக் கவலை வந்தாலும் ஒரு வார்த்தை மட்டும் எழுதி வெச்சுட்டு "5 மணிக்குப் பாத்துக்கறேன்"னு கைவேலையைத் தொடருங்க. 5 மணிக்கு உக்காந்து ஒவ்வொண்ணா பாருங்க, இதுல நான் செய்யறதுக்கு ஏதாவது இருக்கா? மாமியாருக்கு சுகர் டெஸ்ட் எடுக்கணும், இருக்கு, எந்தக் கிழமைன்னு எழுதுங்க. ரோட்டுல எதிர்ல வர்ற வண்டி எப்படி வரும்? அதுல நீங்க செய்ய ஒண்ணும் இல்ல, கோடு போட்டு விட்டுடுங்க. முதல் வாரம் பைத்தியக்காரத்தனமா தோணும். மூணாவது வாரம் 5 மணிக்கு எழுதின பாதி விஷயம் உங்களுக்கே பழசாயிருக்கும்.

போன் விஷயத்துல அவரோட ஒரு ஒப்பந்தம் பண்ணிக்கோங்க, டீ குடிக்க நிறுத்தும்போது காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு அவரே பண்ணட்டும், நடுவுல நீங்க பண்ணாதீங்க. ஒவ்வொரு தடவ அவர் குரல் கேட்டதும் வர்ற நிம்மதி கால் மணி நேரம்தான் தாங்குது இல்லையா, அப்புறம் மறுபடியும் அடிக்கத் தோணுது, அந்த நிம்மதிதான் உங்களைத் திரும்பத் திரும்ப போனை எடுக்க வைக்குது. லாரி ஓட்டறவருக்கு ஓட்டும்போது இருபது மிஸ்டு கால் வர்றது நல்லதும் இல்ல.

இந்த வயசுல மாதவிடாய் நிக்கற சமயம், ஹார்மோன் ஏறி இறங்கறதுலயும் படபடப்பும் திடீர்னு உடம்பு சூடாகி வேர்க்கறதும் வரும், தைராய்டும் பாத்துடுங்க. ஆறு மாசத்துக்கு மேல கிட்டத்தட்ட தினமும் இப்படித்தான்னா இதுக்குப் பேரே இருக்கு, பொதுப் பதற்ற நோய்னு, உங்க குணம் இல்ல அது, சிகிச்சை இருக்கு.

29 வயசு, நைட் ஷிப்ட். டென்ஷனா இருக்குன்னு பிரண்டு அவனோட சீட்டுல வாங்கின அல்பிரசோலம் குடுத்தான், ஒரு பாதி போட்டா அரை மணி நேரத்துல ஜம்முனு இருந்துச்சு. ரெண்டு வருஷமாச்சு, இப்ப ரெண்டு போட்டாத்தான் தூக்கமே. நாளையிலேர்ந்து நிறுத்திடலாம்னு இருக்கேன்.
(சென்னை)

நாளைக்கே நிறுத்தாதீங்க தம்பி, இதை முதல்ல படிங்க. ரெண்டு வருஷம் தினமும் போட்டதை ஒரே நாள்ல நிறுத்தினா படபடப்பு பல மடங்கா திரும்பி வரும், கை நடுங்கும், வலிப்பு கூட வரலாம். ஒரு மனநல மருத்துவர்கிட்ட போயி எவ்வளவு போடறேன்னு ஒளிக்காம சொல்லுங்க, அவர் வாரக்கணக்குல, சில சமயம் மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக் குடுப்பார். இது டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாத மாத்திரை, சீட்டு விவரத்தைக் கடைக்காரர் தனியா ரெஜிஸ்டர்ல எழுதி வெக்கணும்னு சட்டமே இருக்கு, ஏன்னா பழக்கமாயிடும். நடுவுல இதோட சரக்கு சேக்கவே சேக்காதீங்க, ரெண்டும் சேந்தா மூச்சே நின்னு போகலாம். உங்க பிரண்டு நல்ல மனசோடதான் குடுத்திருப்பார், அவரையும் கூடவே கூட்டிட்டுப் போங்க.

ரத்த டெஸ்ட்டுக்கு ஊசியைப் பாத்தாலே மயங்கி விழுந்துடறேன். காலேஜ்ல எல்லாரும் சிரிக்கறாங்க.
(தஞ்சாவூர்)

சிரிக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல, இது மத்த பயம் மாதிரி இல்லாம தனி ரகம். மத்த பயத்துல பிரஷர் ஏறும், அதனாலதான் பஸ்ல பேனிக் வந்தவங்க விழுந்துடுவேன்னு பயந்தாலும் பெரும்பாலும் விழறதில்ல. ரத்தம், ஊசி பயத்துல மட்டும் பிரஷர் முதல்ல ஏறிட்டு சட்டுனு இறங்கும், அதான் மயக்கம். அதனால உங்களுக்கு உடம்பைத் தளர விடறது சரிப்படாது, நேர் எதிரா இறுக்கணும். கை, கால், வயிறு தசையை 10, 15 செகண்ட் முகம் சூடாகற வரைக்கும் இறுக்கிப் பிடிங்க, அப்புறம் அரை நிமிஷம் சாதாரணமா விடுங்க, அஞ்சு தடவ. வீட்ல ஒரு வாரம் பழகிட்டுப் போங்க, ஊசி போடற கையை மட்டும் அந்த நேரத்துல தளர்வா வெச்சுக்கிட்டு படுத்துட்டு எடுத்துக்கறேன்னு லேப்ல சொல்லுங்க.

மேடம், எங்க வீட்ல நான்தான் மொத இன்ஜினியர். வேலை தேடி சென்னையில ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன். இன்டர்வியூல குரூப் டிஸ்கஷன்னு வட்டமா உக்கார வெச்சதும் தொண்டை அடைச்சுக்குது, கை நடுங்குது, என் இங்கிலீஷைப் பாத்து சிரிப்பாங்கன்னு தோணுது. மூணு இன்டர்வியூ வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். வீட்ல செலக்ட் ஆகலன்னு சொல்லிட்டேன்.
(விழுப்புரம்)

தம்பி, வாசல்ல இருந்து திரும்பின அந்த மூணு நாளும் எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். நான் மருத்துவம் படிச்சப்போ வார்டுல நோயாளியோட கேஸ் விவரத்தை எல்லார் முன்னாடியும் சொல்லணும், புரொபசரைச் சுத்தி இருபது பேர் நிப்பாங்க, தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்தவ நான். என் பேர் கூப்பிட்டதும் நாக்கு ஒட்டிக்கிச்சு, பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு அந்த மாடியையே விட்டு இறங்கிட்டேன். அந்த நிமிஷம் வந்த நிம்மதி இருக்கே, அவ்வளவு பெரிய நிம்மதி. மறுநாள் வார்டு பக்கம் கால் வைக்கறதே கஷ்டமாச்சு, ஒரு வாரத்துல காலேஜ் பஸ்ல ஏறவே வயித்தைக் கலக்குச்சு. வார்டுல இருந்த ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்காதான் கவனிச்சாங்க, "டாக்டரம்மா, என்கிட்ட ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க"ன்னு டிரிப் ஸ்டாண்ட் பக்கத்துல நிக்க வெச்சு கேட்டாங்க. அடுத்த நாள் அவங்களும் இன்னொரு நர்ஸும், அதுக்கடுத்த நாள் என் பேட்ச்ல ரெண்டு பேர். மூணாவது வாரம் புரொபசர் முன்னாடி சொன்னேன், குரல் நடுங்குச்சு, நடுங்கிட்டே சொல்லி முடிச்சேன்.

நடுக்கம் நின்னதுக்கு அப்புறம் பேசலாம்னு காத்திருந்தா அது நிக்காது, நடுங்கிட்டே பேசினாத்தான் நிக்கும். உங்க கவனம் பூரா உங்க மேலயே இருக்கு, கை நடுங்குதா, முகம் சிவந்துச்சான்னு, அதை வேணும்னே வெளிய திருப்புங்க, அவங்க என்ன சொன்னாங்கங்கறதை மட்டும் கேளுங்க. உங்களுக்கு உள்ள பூகம்பமா தெரியற நடுக்கம் எதிர்ல இருக்கறவருக்குப் பாதி கூட தெரியாது, வேணும்னா ரூம்மேட்டை விட்டு போன்ல ஒரு வீடியோ எடுத்துப் பாருங்க. முதல்ல கடையில தெரியாதவர்கிட்ட வழி கேளுங்க, கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணி இங்கிலீஷ்ல பேசுங்க, ரூம்ல ரெண்டு பேர் முன்னாடி 2 நிமிஷம் பேசுங்க. அப்புறம் வேணும்னே உங்களுக்கு அவ்வளவா பிடிக்காத ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போங்க, வேலைக்காக இல்ல, அந்த வட்டத்துல உக்காந்துட்டு வர்றதுக்காக. ஒரே ஒரு வாக்கியம் சொல்லிட்டு வந்தாலும் அன்னிக்கு போன வேலை முடிஞ்சுது. இங்கிலீஷ் தப்பாத்தான் வரும், வரட்டும். அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க, பொய்யையும் சேத்துத் தூக்கிட்டு அலைய வேண்டாம்.

எனக்கு 61 வயசு, ரிட்டயர்டு டீச்சர். மருமகளுக்குப் பிள்ளை பிறந்து ரெண்டு மாசம். குழந்தைக்கு மூச்சு வருதான்னு ராத்திரி பூரா தொட்டுத் தொட்டுப் பாக்கறா, தனியா விட்டா அழறா, "நானே கீழ போட்டுருவேனோ அத்தை"ன்னு நடுங்கறா. மந்திரிச்சுக் கயிறு கட்டியாச்சு. டாக்டர்கிட்ட காட்டலாம்னா கீழ்ப்பாக்கம் கேஸுன்னு ஊர் பேசும்னு மகன் பயப்படறான். நான் என்ன செய்யணும்?
(நாகர்கோவில்)

உங்க மருமக உங்ககிட்ட இதைச் சொன்னா பாருங்க, அதுக்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். நிறைய பொண்ணுங்க மாமியார்கிட்ட வாயே திறக்க மாட்டாங்க.

பிரசவத்துக்கு அப்புறம் ஹார்மோன் சட்டுனு இறங்குது, தூக்கம் துண்டு துண்டாகுது, ஒரு உயிர் முழுசா தன் கையில இருக்குங்கற பாரம் வேற. இந்த நேரத்துல சில பேருக்கு வர்ற பதற்றம் இது, பிரசவத்துக்கு அப்புறம் சில அம்மாக்களுக்கு தைராய்டு கூடறதும் உண்டு, அதையும் பாக்கணும். கீழ போட்டுருவேனோன்னு வர்ற நெனப்பைப் பாத்து அவளே நடுங்கறா இல்லையா, அது அவ ஆசை இல்ல, பயம், இப்படி நெனப்பு வந்து பதறுற அம்மாக்கள் அந்த மாதிரி செய்யறவங்க இல்ல. அவகிட்ட இதைச் சொல்லுங்க, திட்டாதீங்க, குழந்தையை அவகிட்ட இருந்து பிரிச்சும் வைக்காதீங்க. ராத்திரில நீங்களோ மகனோ குழந்தையைப் பாத்துக்கிட்டு அவளை சேந்தாப்ல 4, 5 மணி நேரம் தூங்க விடுங்க. ஆனா யாரோ காதுல பேசற மாதிரி இருக்குன்னு சொன்னாலோ, தூக்கமே வேண்டாம்னு நாள்கணக்கா முழிச்சிருந்து சம்பந்தமில்லாம பேசினாலோ அது வேற, அன்னிக்கே ஆஸ்பத்திரி, ஒரு நாள் கூட தள்ளாதீங்க.

கயிறு கட்டினது இருக்கட்டும், அவுக்க வேண்டாம். கயிறோடவே டாக்டர்கிட்ட போகலாம். கீழ்ப்பாக்கம்னு பயப்படற மகனுக்கு ஒண்ணு சொல்லுங்க, அந்த ஆஸ்பத்திரி 1794ல ஆரம்பிச்சது, அது பேரை வசவா ஆக்கினது நாமதான், அங்க குணமாகி வீட்டுக்குப் போன ஆளுங்க எவ்வளவோ பேர். பெங்களூர்ல இருக்கற நிமான்ஸ் மனநல நிறுவனம் 2015-16ல நடத்தின தேசிய மனநல சர்வேல பதற்றம், மனச்சோர்வு மாதிரி பரவலா இருக்கற பிரச்சனைகள்ல 100ல 85 பேருக்கு சிகிச்சையே போய்ச் சேரலன்னு வந்துச்சு. ஊர் என்ன பேசும்ங்கற இந்தப் பயமும் அதுக்கு ஒரு காரணம், என் அனுபவத்துல பெரிய காரணம்.

உங்களுக்கு கீழ்ப்பாக்கம் வரைக்கும் போக வேண்டியதும் இல்ல. உங்க ஊர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயே மனநலப் பிரிவு ஓபி இருக்கு, காசு கிடையாது. கிளம்பறதுக்குத் தயக்கமா இருந்தா முதல்ல அரசோட மனநல உதவி எண் 14416க்குப் போன் பண்ணுங்க, 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க, நீங்களும் பண்ணலாம், அவளே பண்ணினா இன்னும் நல்லது. தாய்ப்பால் குடுக்கும்போதே சாப்பிடக் கூடிய மாத்திரைகள் இருக்கு, அதனால பாலை நிறுத்தணும்னு யாராவது சொன்னா உடனே நிறுத்தாம டாக்டர்கிட்ட கேளுங்க. ஓபிக்குக் காலைல சீக்கிரமா போயிடுங்க, கூட்டம் இருக்கும், குழந்தையையும் கூட்டிட்டுப் போங்க, மடியில வெச்சுக்க நீங்க இருக்கீங்க. பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காம எடுத்துக்கோங்க.